சத்தம் அடங்காத எண்ணெய்

சௌந்திரம் காய்ச்சுகிற விளக்கெண்ணெய்க்கு எடப்பாடி சுற்றுவட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் ‘சௌந்திரத்து எண்ணெ இருக்குதா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, கைப்பக்குவம் அப்படி. வரப்போரம் விளைகிற கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, வறுத்து, இடித்து, பானைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து வரும். அதை அகப்பையால் வழித்து வேறொரு சட்டியில் ஊற்றி மறுபடி அடுப்பேற்ற வேண்டும். எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வந்த தண்ணீர் அப்போது சடசடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் சுத்தமாக அடங்கின பிறகுதான் சட்டியை இறக்கலாம். அவசரக்காரிகள் பாதியிலேயே இறக்கிவிட்டு, எண்ணெய் ஏன் சீக்கிரம் காறுது என்று அடுத்தவளைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சௌந்திரம் அந்த ரகம் இல்லை. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், “செத்த இருங்க, சத்தம் அடங்கட்டும்” என்பாள்.

ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் எண்ணெய் கொடுத்தவளுக்குக் குழந்தை இல்லை. அதை ஊரார் ஒருமாதிரி இழுத்துச் சொல்வார்கள். அவள் புருஷன் வேலுமணி மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. “எனக்கு நீ, உனக்கு நான், நம்ம ரெண்டு பேருக்கும் அந்த வண்டி” என்று சிரிப்பான். அவனுக்கு எதிலும் சிரிப்புதான். கோபித்துக்கொண்டு உட்கார்ந்தால்கூடக் கால்நாழிகை தாங்காது.

அந்த வண்டி வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். மேட்டூர்ப் பக்கம் ஏதோ கம்பெனிக்கு மிஷின் பூட்ட வந்த வெள்ளைக்கார என்ஜினியர் ஒருத்தர் ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்று கொண்டுவந்திருந்தார். ஊர் திரும்பும்போது அதை இங்கேயே கொடுத்துவிட்டுப் போனார். அது குமாரபாளையத்தில் ஒரு தறிக்காரரிடம் கொஞ்ச காலம் நின்று, எழுபத்தெட்டில் வேலுமணி கைக்கு வந்தது. நம்ம ஊர் வண்டிகளுக்கெல்லாம் பிரேக் என்றால் ஒயர்தான். இதற்கு முன்சக்கரத்தில் ஒரு இரும்புத் தட்டு, அதைக் கவ்விப் பிடிக்க ஒரு பெட்டி, கைப்பிடி மேலே ஒரு சின்னக் கிண்ணி, கிண்ணிக்குள் எண்ணெய். விரலால் அழுத்தினால் அந்த எண்ணெய் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். வேலுமணி இதைச் சொல்லிச் சொல்லியே ஊரை அறுத்தான்.

அவனைப் பெற்றவள் சென்னியம்மாள். அவள் புருஷன் சாராயத்திலேயே அழிந்தவர். அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்றைக்கே மகனை நிறுத்திவைத்து, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கினவள் அவள். “இந்தக் கையில சொட்டு சாராயம் பட்டா நான் உன்னப் பெத்தவ இல்ல” என்றாள். வேலுமணி அந்தச் சத்தியத்தை மீறவில்லை. கல்யாணம், கிடாவெட்டு, எங்கே போனாலும் கலர் பாட்டிலோடு ஒதுங்கி நிற்பான். பங்காளிகள் கேலி பண்ணுவார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

வண்டியைப் பார்த்துக்கொண்டது எடப்பாடியில் பட்டறை வைத்திருந்த சென்றாயன். ஒரு மார்கழியில் கிண்ணியில் எண்ணெய் குறைந்துபோய், சென்றாயன் ஊரில் இல்லாத நேரம், வேலுமணி வீட்டு விளக்கெண்ணெயை எடுத்து ஊற்றிவிட்டான். அவன் மேலும் தப்புச் சொல்ல முடியாது. அந்தக் காலத்து லாரிக்காரர்கள் விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து பிரேக்குக்கு ஊற்றுவார்கள் என்று சென்றாயனே ஒருதடவை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். வண்டியும் நன்றாகத்தான் நின்றது. அவ்வளவுதான், வேலுமணிக்குத் தலைகால் புரியவில்லை. “ஜப்பான்காரனுக்கே எம்பொண்டாட்டி எண்ணெதான்டா!” என்று கடைவீதியில் நின்று சொன்னான். சௌந்திரம் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் மனசுக்குள் பூரிப்புத்தான்.

எண்பத்திரண்டு வைகாசி. வெயிலென்றால் வெயில், நடுப்பகலில் காக்கா கூடப் பறக்காது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த சௌந்திரத்தின் தம்பி வெள்ளியங்கிரிக்கு ஆண்குழந்தை பிறந்திருப்பதாகச் சேதி வந்தது. அத்தைக்காரி எண்ணெய் கொடுத்துவிடாமல் இருப்பாளா? விடியற்காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்தாள்.

வேலுமணி வாசலில் வண்டியை நிறுத்தி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பிரேக் கொஞ்ச நாளாகவே பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். பழைய எண்ணெயை முழுக்க இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினால் சரியாகிவிடுமாம்.

“ஏம்புள்ள, எண்ணெ ஆச்சா?”

“இன்னும் சத்தம் அடங்கலீங்க மாமா.”

“பச்சப்புள்ள நாக்குல தொட்டு வெக்கற எண்ணெக்குச் சத்தம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வெயிலேறுனா மலையேற முடியாது. கொண்டா இப்படி.”

சட்டியில் இன்னும் சடசடத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவன் கேட்ட விதத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறக்கிவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவை. ஆறவைத்து, குழந்தைக்கு ஒரு பாட்டிலில் ஊற்றினாள். வண்டிக்குக் கொஞ்சம் கிண்ணத்தில் கொடுத்தாள். மிச்சம் சட்டியிலேயே இருந்தது.

“வந்து இதப் புடி. நான் கீழ திருகு கழட்டும்போது நீ அழுத்தோணும். சொல்ற வரைக்கும் உடக் கூடாது.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கைப்பிடியைப் பிடித்தாள். அவன் சக்கரத்துப் பக்கம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, “அழுத்து... உடாத, உடாத... ம், இப்ப உடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பழைய எண்ணெய் கறுப்பாகக் கீழே சொட்டியது. மேலே கிண்ணியில் அவள் எண்ணெய் இறங்கிக்கொண்டே போனது. அழுத்த அழுத்த, தொளதொளவென்று இருந்த பிடி அவள் விரலுக்கடியில் இறுகி வந்தது. கடைசியில் கல் மாதிரி நின்றது.

“பாத்தியா? பெரிய மெக்கானிக் ஆயிட்டியே!” என்று அவள் கன்னத்தில் எண்ணெய் விரலால் ஒரு தீற்றுத் தீற்றிவிட்டு, பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டான். “போயிட்டு வாரேன் புள்ள. அம்மா, வாரேன்!” சென்னியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகன் ஏற்காடு போனால் சாயங்காலம் வந்துவிடுவான், இதற்கென்ன பார்த்துக்கொண்டு நிற்பது?

அவன் ஒழுங்காக மலையேறினான். குழந்தையைப் பார்த்தான், எண்ணெயைக் கொடுத்தான், சாப்பிட்டான். வெயில் தாழ இறங்கினான். நம்ம ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருட்டிக்கொண்டே வருவார்கள், பெட்ரோல் மிச்சமாம். எஞ்சின் இழுத்துப் பிடிக்காத வண்டியைப் பிரேக் மட்டும்தான் பிடிக்க வேண்டும், பின்சக்கரத்துக் கால் பிரேக் அந்த இறக்கத்துக்குக் காணாது. வளைவுக்கு வளைவு பிடித்துப் பிடித்துச் சக்கரத்துத் தட்டு கொதித்திருக்கும். அடிவாரம் கிட்டத்தில் ஒரு வளைவில் வண்டி திரும்பவே இல்லை. நேரே போய்த் தடுப்புக் கல்லில் மோதியது. வேலுமணி கல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்தான். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட உயிர் தாங்கவில்லை.

உடம்பைக் கொண்டுவந்து இறக்கினபோது சௌந்திரம் கத்தின கத்தல் அடுத்த தோட்டம் வரை கேட்டது. அதை எழுதிக் காட்ட என்னத்துக்கு வார்த்தை?

வண்டியைப் பங்காளி காளியண்ணன் லாரியில் போட்டுக்கொண்டு வந்தான். முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் பிரேக் பெட்டியும் குழாயும் கிண்ணியும் முழுசாகத் தப்பியிருந்தன. காளியண்ணன் நாலு பேர் பார்க்கப் பிரேக்கை அழுத்தினான். கல் மாதிரி நின்றது.

“வண்டில ஒரு கோளாறும் இல்லீங்க. பிரேக் நல்லாத்தான் இருக்குது. கோளாறு ஓட்டுனவன்கிட்டத்தான்” என்றான். சாராயக்கடைகள் மறுபடி திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். ஏற்காட்டு ரோட்டில் வண்டி தள்ளாடித் தள்ளாடி வந்ததாக எவனோ சொன்னானாம். பிறகென்ன? நாக்கு எல்லாருக்கும் இருக்கிறது, அதற்கு எலும்புதான் இல்லை. ‘மச்சான் ஊட்டுல புள்ள பொறந்த சந்தோசம், ஊத்திக்கிட்டு வந்திருப்பான்’ என்று சாவு வீட்டிலேயே பேசினார்கள்.

அது சென்னியம்மாள் காதில் விழுந்தது. அதுவரைக்கும் மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். பாடை எடுக்கும்போதும் அழவில்லை. கருமாதி அன்றைக்கு மகன் போட்டோவுக்குப் பூப்போடச் சொன்னார்கள். “சத்தியத்தத் தின்னவனுக்கு எங்கையால பூவா?” என்று கேட்டுவிட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போய்விட்டாள்.

சௌந்திரத்துக்கு அதுதான் தாங்கவில்லை. புருஷன் போனது ஒரு இடி. பெற்றவளே அழாமல் அவன் போனது அதைவிடப் பெரிய இடி. “அவரு குடிச்சிருக்க மாட்டாருங்க அத்தை. எந்தம்பி பொய் சொல்ல மாட்டான், கேட்டுப் பாருங்க” என்று காலைப் பிடித்தாள். “பிரேக்கு நிக்குதுன்னு ஊரே பாத்துதே கண்ணு” என்றாள் சென்னியம்மாள். சௌந்திரமும்தானே அன்றைக்கு அந்தப் பிடியைக் கல்லாக இறுக்கினவள்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு ஒரு சாயங்காலம் அவன் போட்டோவுக்கு விளக்கேற்ற எண்ணெய் தேடினாள். அன்றைக்குக் காய்ச்சினதில் மிச்சம் சட்டியில் அப்படியே இருந்தது. அகலில் ஊற்றித் திரியைப் பற்றவைத்தாள். விளக்கு சட் சட்டென்று தெறித்தது. திரியைத் திருத்தினாள். மறுபடியும் சட சட.

நின்றபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது. சூடு பட்டால் வெடிக்கிறது. இந்த எண்ணெயைத்தானே, அய்யோ, இந்த எண்ணெயைத்தானே அந்தக் கிண்ணியில் ஊற்றினோம்!

மறுநாள் காலையில் ஒரு குப்பியில் அந்த எண்ணெயை எடுத்துக்கொண்டு சென்றாயன் பட்டறைக்குப் போனாள். அவன் வாங்கி மோந்து பார்த்தான், விரலில் தேய்த்துப் பார்த்தான், அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“அம்மிணி, இதுல தண்ணி நிக்குதுங்க. தட்டு காஞ்சா இந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாயிரும். எண்ணெய அழுத்துனா அமுங்காது, அதனால சக்கரம் நிக்கும். ஆவிய அழுத்துனா அமுங்கிரும், பிடி சும்மா உள்ள போயிரும். ஆறிப்போச்சுன்னா ஆவி மறுக்காத் தண்ணியாயி, பிரேக்கு பழையபடி நின்னுக்கும். அதான் யாருக்கும் தெரியல.”

“அப்ப அவரு குடிக்கல.”

“குடிக்கலீங்க. ஆனா அம்மிணி, நான் அவருகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்க. நம்ம வெயிலுக்குக் கொதி தாங்கற ஆயிலாப் பாத்து ஊத்தோணும், சீல் ஒடைக்காத டப்பாவா இருக்கோணும். தொறந்து வெச்ச டப்பா காத்துல இருக்கற ஈரத்தையே குடிச்சிரும். சேலத்துல இருந்து வாங்கியாறேன், அது வரைக்கும் மலைப்பக்கம் போகாதீங்கன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.”

சௌந்திரம் குப்பியை வாங்கி மூடினாள். பிறகு, “அத எங்கத்தைகிட்டச் சொல்ல வேண்டாங்க” என்றாள். “அவரு சொல்பேச்சுக் கேக்கலைன்னு அதுக்கும் ஒரு பேச்சு வரும். எண்ணெப் பழி எம்மேல இருக்கட்டும்.”

“ஊரு உங்களச் சும்மா உடாதுங்க அம்மிணி. இத வெளிய சொல்லாம இருந்தா யாருக்குந் தெரியாது.”

“அவரப் பெத்தவ அழோணும்ங்க” என்றாள்.

சென்றாயன் அன்றைக்கே வந்தான். நசுங்கின வண்டியை வாசலில் நிமிர்த்திக் கட்டினான். சௌந்திரம் காளியண்ணனையும் வரச் சொல்லியிருந்தாள். மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்னால் உட்காரவைத்தாள். அந்தப் பக்கம் வேலைக்கு வந்த நாலைந்து பேரும் நின்றார்கள்.

“இப்ப அழுத்திப் பாருங்க” என்றான் சென்றாயன். காளியண்ணன் அழுத்தினான். “கல்லாட்ட நிக்குது. அதத்தானே நானும் சொன்னேன்?”

சென்றாயன் பற்றவைப்பு விளக்கைக் கொளுத்திச் சக்கரத்துப் பெட்டிக்கு நெருப்புக் காட்டினான். மலையிறங்கின சூட்டுக்கு ஈடாகக் காயவிட்டு, “இப்ப அழுத்துங்க” என்றான். காளியண்ணன் அழுத்தினான். பிடி சத்தமில்லாமல் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. அவன் முகம் செத்துப்போயிற்று. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினான். அதேதான். “ஊத்துன எண்ணெயில தண்ணி நின்னுருக்குதுங்க, காஞ்சதும் ஆவியாயிருச்சு” என்றான் சென்றாயன்.

சென்னியம்மாள் எழுந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தன் கையை நீட்டி அந்தப் பிடியை அழுத்தினாள். கிழவியின் விரலுக்கே அது ஒரு எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போனது. இரண்டு கையாலும் அழுத்தினாள்.

“இப்படித்தான் அழுத்தியிருப்பானா?” என்று கேட்டாள். “நிக்கல, நிக்கலன்னு இப்படித்தான் அழுத்தியிருப்பானா எஞ்சாமி?”

அப்புறம் அழுதாள். வண்டியின் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, “குடிக்காத மகனக் குடிச்சான்னு சொன்னேனே! உனக்குப் பூப்போடலையே சாமி!” என்று அலறினாள். அத்தனை நாள் தேக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. காளியண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். சௌந்திரமும் அழுதாள். மாமியார் தோளை அணைத்துக்கொண்டாள். அவன் பேருக்குப் பட்ட கறை போய்விட்டது, அவளுக்கு அது போதும்.

அழுகை தணிந்த பிறகு சென்னியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். “அந்த எண்ணெ யாரு கொடுத்தது?”

சென்றாயன் கீழே பார்த்தான்.

“என்னுதுங்க அத்தை. சத்தம் அடங்கறதுக்கு முன்னால எறக்கிட்டேன்.”

சென்னியம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். தன் தோளில் கிடந்த மருமகள் கையை எடுத்து, மெதுவாக, கீழே விட்டாள்.

அதிலிருந்து இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்தார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பேச்சே இல்லை. எங்கேயாவது போ என்று மாமியார் சொல்லவில்லை, போகிறேன் என்று இவளும் சொல்லவில்லை. ஜலகண்டாபுரத்திலிருந்து பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. காட்டு வேலையைச் சௌந்திரம் ஒண்டியாகப் பார்த்தாள். வேலுமணி குடித்தான் என்கிற பேச்சு ஊரில் நின்றது. அதற்குப் பதிலாக, புருஷனைக் கொன்ற எண்ணெய் என்று புதுப்பேச்சு கிளம்பியது. பிள்ளை பெற்ற வீட்டில் யாரும் அவளிடம் எண்ணெய் கேட்டு வரவில்லை. அவளும் காய்ச்சவில்லை. வரப்பில் கொட்டமுத்து வெடித்துச் சிதறிக் கிடக்கும், பொறுக்கிப் போட்டுவைப்பாள், அவ்வளவுதான். தலைக்கும் விளக்குக்கும் கடை எண்ணெய். ஏற்காட்டில் அந்தப் பாட்டில் எண்ணெயைக் குடித்த தம்பி மகன் தளதளவென்று வளர்ந்தான். அவனைக் கொண்டுவந்து காட்டினார்கள். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கொஞ்சத் தெரியவில்லை.

எண்பத்தெட்டு ஆடியில் சென்னியம்மாள் படுத்துவிட்டாள். காலிரண்டும் வீங்கி, மூட்டு வலியில் முனகிக்கொண்டே கிடந்தாள். கஞ்சியைச் சௌந்திரம் வைத்துவிட்டுப் போவாள், கிழவி சுவரைப் பார்த்தபடி கொஞ்சம் குடிப்பாள். ஒருநாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தை எடுக்கப் போனபோது அவள் முகத்தைத் திருப்பினாள்.

“சௌந்திரம்.”

ஆறு வருஷம் கழித்து அந்த வாயில் தன் பேர். சௌந்திரம் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தாள். “சொல்லுங்க அத்தை.”

“காலு விண்ணுவிண்ணுங்குது கண்ணு. உன்ற எண்ணெ ரவ்வோண்டு தேச்சு உடறயா?”

“கடை எண்ணெ இருக்குதுங்க...”

“அது வேண்டாம். உன்ற எண்ணெ.”

சௌந்திரம் ஓடினாள். நாற்பது வயசுக்காரி சின்னப்பெண் மாதிரி ஓடினாள். மூட்டையை அவிழ்த்துக் கொட்டமுத்தை வறுத்தாள், இடித்தாள், பானையில் கொதிக்கவிட்டாள். கண்ணீரைத் துடைக்கக்கூட நேரமில்லை. எண்ணெய் மிதந்ததும் வழித்துச் சட்டியில் ஊற்றி அடுப்பேற்றினாள். சடசடவென்று வெடிக்க ஆரம்பித்தது. உள்ளேயிருந்து, “ஆச்சா கண்ணு?” என்று மாமியார் குரல் வந்தது.

“இதா ஆச்சுங்க அத்தை. சத்தம் அடங்கட்டும்.”

கை துடித்தது, இறக்கிவிடலாமென்று. தேய்க்கிற எண்ணெய்தானே, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் என்ன? ஆனால் அவளால் முடியவில்லை. காதைச் சட்டியிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் குறைந்தது. ஒன்றிரண்டு தெறித்தது. அப்புறம் அதுவும் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்து நிச்சயம் பண்ணிக்கொண்டு இறக்கினாள். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனாள்.

“அத்தை, எண்ணெ.”

சென்னியம்மாள் வாசல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை.

சௌந்திரம் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த வீங்கின காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் தேய்த்தாள். இன்னொரு காலையும் எடுத்துத் தேய்த்தாள். “சுத்தமான எண்ணெங்க அத்தை, சொட்டுத் தண்ணி இல்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பால் ஊற்ற வந்தவள் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டும் வரைக்கும் அவள் கை நிற்கவில்லை.